கம்பளி கட்டிய ஊர்

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் சீர்செய்திருக்கிறேன்.)

அவையோருக்கு வணக்கம்.

இத்தாலி போய்வந்தேன் என்றதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "பைசா கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிற மாதிரி போட்டோ எடுத்தீங்களா?" என்பதுதான். இல்லை. நான் பார்த்துவிட்டு வந்தது வேறு கோபுரம். அது சாயவே இல்லை. 2009 ஏப்ரல் 6, அதிகாலை மூன்றரை மணிக்கு மொத்தமாகக் கீழே விழுந்தது. இப்போது மறுபடியும் நிற்கிறது. அது நிற்கும் ஊரைப் பற்றியும் சுற்றியிருக்கும் மலையைப் பற்றியும்தான் பேச வந்திருக்கிறேன்.

ஊரின் பெயர் சாந்தோ ஸ்தெஃபானோ தி செஸ்ஸானியோ. வாயில் நுழையாது. இனி ஸ்தெஃபானோ என்றே சொல்லிக்கொள்கிறேன். ரோமுக்குக் கிழக்கே, அப்ருட்சோ மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து 1,251 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. லாக்குயிலா நகரம் வரை பஸ்ஸில் வந்துவிடலாம். அதற்கப்புறம் பஸ்ஸை நம்பினால் பொழுது போய்விடும், கார் வேண்டும். நிரந்தரமாக வசிப்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் இதைவிட அதிகம் பேர் இருக்கிறோம், சண்டையும் அதிகம்.

ஊருக்கென்று தனியாகக் கோட்டைச் சுவர் கிடையாது. வெளி வரிசை வீடுகளே தோளோடு தோள் சேர்ந்து சுவராக நிற்கின்றன. உள்ளே போனால் சந்துகள். பல இடங்களில் சந்தின் மேலேயே வீடு கட்டியிருக்கிறார்கள். நாம் நடப்பது தெருவிலா, யாரோ ஒருவர் வீட்டுக்கு அடியிலா என்று தெரியாது. பனிக் காலத்தில் தெருவில் பனி விழாமல் நடக்க இது வசதி. வெள்ளைச் சுண்ணாம்புக்கல், வளைவுகள், நடுவில் மெல்லிய தூண் வைத்த இரட்டை ஜன்னல்கள். வாசல் வளைவுக்கு மேலே, ஃபிளாரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பத்தின் உருண்டைகள் பதித்த கேடயச் சின்னம்.

சரி, இவ்வளவு உயரத்தில், வருஷத்தில் பாதி குளிரில் கிடக்கும் இடத்தில், இப்படிச் செதுக்கிக் கல்வீடு கட்ட யாரிடம் காசு இருந்தது?

ஆட்டிடம் இருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் மேலே போக வேண்டும். ஊரிலிருந்து காரில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் மலை சட்டென்று விரிந்து ஒரு பெரிய புல்வெளியாகிவிடும். காம்போ இம்பெராத்தோரே என்று பெயர், 'பேரரசரின் வெளி' என்று அர்த்தம். நீளம் சுமார் 27 கிலோமீட்டர். 1,500 மீட்டருக்கு மேலே இவ்வளவு பெரிய சமவெளியை நான் எதிர்பார்க்கவில்லை. திபெத்தை நேரில் பார்த்த எழுத்தாளர் ஃபோஸ்கோ மராயினி இதைக் குட்டித் திபெத் என்றார். ஒரு பக்கம் கிரான் சாஸ்ஸோ மலைத்தொடர், அதன் உச்சியான கோர்னோ கிராந்தே 2,912 மீட்டர். அப்பெனைன் மலைகளிலேயே உயர்ந்தது அதுதான். அதன் வடக்கு மடியில் கால்தெரோனே என்றொரு பனிப்பாறை இருந்தது, ஐரோப்பாவின் தென்கோடிப் பனிப்பாறை என்று பேர். இப்போது சுருங்கி, இரண்டு துண்டாகி, கற்குவியலுக்கு அடியில் கொஞ்சம் பனியாக மிஞ்சியிருக்கிறது.

அந்த வெளியில் ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறை என்பதால் மழையும் பனியும் நேரே உள்ளே இறங்கிவிடும். 1970இல் இந்த மலையைக் குடைந்து நெடுஞ்சாலைச் சுரங்கம் போட்டபோது அந்தத் தண்ணீர் பீறிட்டு வந்து அடிவாரத்து ஊரில் வெள்ளமே வந்தது. மரமும் அநேகமாகக் கிடையாது. உயரம் ஒரு காரணம். பல நூற்றாண்டு ஆட்டு மேய்ச்சல் இன்னொரு காரணம். 'மனிதக் கை படாத இயற்கை' என்று பயணப் பக்கங்களில் எழுதுகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கை படாவிட்டாலும் பல் பட்டிருக்கிறதே!

கோடையில் ஆடுகள் இங்கே மேயும். குளிர் தொடங்கியதும் இங்கே ஒரு வாய்ப் புல் மிஞ்சாது. ஆகவே செப்டம்பர், அக்டோபரில் மந்தையை ஓட்டிக்கொண்டு தெற்கே பூலியா மாநிலத்தின் சமவெளிக்கு நடப்பார்கள். லாக்குயிலாவிலிருந்து ஃபோஜா வரை 244 கிலோமீட்டர். அந்தப் பாதைக்கு த்ராத்தூரோ என்று பெயர். அதன் அகலம் எவ்வளவு தெரியுமா? 111 மீட்டர். நம் நான்குவழிச் சாலையெல்லாம் அதற்குள் ஓர் ஓரமாக அடங்கிவிடும். போகும் வழியிலேயே ஆடு மேய வேண்டும் அல்லவா, அதற்காகத்தான் அந்த அகலம். 1447இல் நேப்பிள்ஸ் அரசர் அல்ஃபோன்சோ இதற்கென்றே ஒரு சுங்க அலுவலகம் ஏற்படுத்தினார். பெயரே 'ஆட்டுச் சுங்கம்'. மே மாதம்தான் திரும்பி வருவார்கள். அதாவது பாதி வருஷத்துக்கு மேல் இந்த மலையூர்களில் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களும் மட்டும். வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். வரலாற்றுப் பலகைகளில் மெடிச்சி பெயர் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை.

மெடிச்சி எங்கே வந்தார்கள்? ஃபிளாரன்ஸுக்குக் கம்பளி வேண்டியிருந்தது. இந்தப் பக்கத்து ஆட்டிலிருந்து கார்ஃபாஞா என்ற கருப்பு முரட்டுக் கம்பளி கிடைத்தது. துறவிகளின் அங்கிக்கும் சிப்பாய்களின் உடுப்புக்கும் அதுதான். தோலைப் பிராண்டும், ஆனால் கிழியாது. 1579இல் பிரான்செஸ்கோ தெ மெடிச்சி இந்தப் பகுதியை விலைக்கு வாங்கினார். 1743 வரை அந்தக் குடும்பத்தின் கையில் இருந்தது. வாசல் சின்னமும் நல்ல ஜன்னல்களும் அந்தக் காலத்தவை.

கோபுரத்தையும் மெடிச்சி கோபுரம் என்றே சொல்கிறார்கள். உண்மையில் அது அவர்கள் வருவதற்கு முன்பே நின்றது. வாங்கியவர் பெயர் ஒட்டிக்கொண்டது, கட்டியவர் பெயர் போய்விட்டது. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே தலை தூக்கி நிற்கும் உருண்டைக் கற்கோபுரம். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் எத்தனையோ நிலநடுக்கங்களைத் தாண்டியது. 1703இல் வந்தது மிகக் கொடியது, அதையும் தாண்டியது. இருபதாம் நூற்றாண்டில் பழுதுபார்க்கிறோம் என்று உச்சியில் மரத்தை எடுத்துவிட்டுக் கம்பி போட்ட கான்கிரீட் வைத்தார்கள். 2009இல் பூமி ஆடியபோது அந்தப் பாரம்தான் கோபுரத்தைச் சாய்த்தது என்று பொறியாளர்கள் பலர் சொல்கிறார்கள். ஊரில் மற்ற வீடுகள் பெரும்பாலும் நின்றன. லாக்குயிலா வட்டாரத்தில் அன்று 309 பேர் இறந்தார்கள். இங்கே போனது கோபுரம்.

விழுந்த பிறகு ஒன்று செய்தார்கள், அது எனக்குப் பிடித்தது. கோபுரம் இருந்த இடத்தில் இரும்புக் குழாய்ச் சாரம் கட்டி, அதே உருவத்தில் நிறுத்தினார்கள். ஊரைத் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு அங்கே வெறும் வானம் தெரியக்கூடாது. கல்லில் எழுப்பி முடிக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று.

பக்கத்து மலைமுகட்டில், 1,460 மீட்டரில், ரோக்கா கலாஷோ என்ற கோட்டை இருக்கிறது. ஸ்தெஃபானோவிலிருந்து நடந்தே போகலாம், நான் நடந்துதான் போனேன். நடுவில் சதுரக் கோபுரம், நான்கு மூலையிலும் உருண்டைக் கொத்தளங்கள். பெரிய போர் எதையும் அது பார்க்கவில்லை. கீழே போகும் மந்தைப் பாதையைக் கண்காணிப்பதுதான் அதன் வேலை. அதற்கு அடியில் இருந்த ஊரை 1703 நிலநடுக்கம் சிதைத்தது, மிஞ்சியவர்கள் கீழே இறங்கிவிட்டார்கள். பாதையோரம் எட்டுப் பட்டையில் ஒரு சிறிய கோயில், பரிசுத்த மரியாவுக்கு. பூட்டியிருந்தது. பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்றேன்.

அப்புறம் நாய்கள். இதைச் சொல்லாவிட்டால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். இந்த மலையில் ஓநாய் உண்டு. ஆகவே ஒவ்வொரு மந்தையோடும் வெள்ளைவெளேரென்று பெரிய காவல் நாய்கள் இருக்கும். பார்க்க ஆட்டோடு ஆடாகத் தெரியும். நான் ஆடு என்று நினைத்து போன் கேமராவைத் தூக்கினேன். ஒரு ஆடு எழுந்து குரைத்தது. ஓடக் கூடாது, மந்தைக்குள் குறுக்கே புகக் கூடாது, நின்று மெதுவாகச் சுற்றிப் போக வேண்டும். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். கால் படித்திருக்கவில்லை. மேய்ப்பர் விசில் அடித்ததும் நாய் திரும்பிப் போயிற்று. அவர் மாசிடோனியாக்காரர். இப்போது இந்த மலையில் ஆடு மேய்ப்பவர்களில் பலர் மாசிடோனியாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வந்தவர்கள்தான்.

உள்ளூர்க்காரர்கள் எங்கே என்பீர்கள். 1865இல் பூலியாவின் மேய்ச்சல் நிலம் உழவுக்குப் போயிற்று. குளிர்காலப் புல் இல்லையென்றால் கோடைப் புல்லால் என்ன பயன்? ஆடு போயிற்று, ஆட்கள் கப்பலேறினார்கள். புது வீடு கட்டக்கூட ஆளில்லாததால் ஊர் பழைய கோலத்திலேயே தப்பியது. 1999இல் மோட்டார் சைக்கிளில் வந்த தனியேலே கில்கிரென் என்பவர் பாழடைந்த வீடுகளை வாங்கி, ஊருக்குள் சிதறிக் கிடக்கும் அறைகளையே ஓட்டலாக்கினார். சுவரில் படிந்த அடுப்புக் கரியைக்கூடத் துடைக்கவில்லை. ஊர் பிழைத்தது, நல்லதுதான். ஆனால் வறுமையின் கரி படிந்த அறைக்கு அவ்வளவு வாடகை கொடுத்துப் படுக்க எனக்கு மனம் வரவில்லை, பர்ஸும் இடம் தரவில்லை. 2020இல் நகராட்சி இன்னொன்று அறிவித்தது: 18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்கள் வந்து குடியேறித் தொழில் தொடங்கினால் மூன்று வருஷத்துக்கு ஆண்டுக்கு 8,000 யூரோ வரை, தொழிலுக்கு 20,000 வரை. எனக்கு வயது தாண்டிவிட்டது.

சாப்பாடு பற்றிக் கேட்டார்கள். ஆட்டிறைச்சியைச் சின்னச் சின்னத் துண்டாக மரக்குச்சியில் குத்தி நெருப்பில் வாட்டுவார்கள், பெயர் அர்ரோஸ்திச்சீனி. மேலே புல்வெளியில் இறைச்சியை வாங்கி நாமே வாட்டிக்கொள்ளலாம். ஆனால் நான் சுமந்து வந்தது பருப்பு. 1,000 மீட்டருக்கு மேல் விளையும், கரும்பழுப்பு நிறம், நம் மைசூர் பருப்பின் ஜாதிதான், தோலோடு, அதைவிடப் பொடிசு. 998ஆம் ஆண்டுத் துறவிமடத்து ஆவணங்களிலேயே பேர் இருக்கிறது. ஊற வைக்க வேண்டாம். பூண்டும் பிரிஞ்சி இலையும் போட்டு வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருகிறார்கள். வீட்டில் நான் கடுகு தாளித்தேன். அதுவும் நன்றாகவே இருந்தது.

எப்போது போகலாம் என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். பூ பார்க்க ஜூன். பருப்பு வாங்க ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். பனிக் காலத்தில் மேலே போகும் சாலையை மூடிவிடுவார்கள். ஆகஸ்டிலும் ராத்திரி குளிரும், கம்பளி எடுத்துப் போங்கள்.