மாடித் தேனீப் பெட்டி வரமே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரம்பூரிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம். ‘வீட்டு மாடியில் தேனீ வளர்ப்பது குடும்பத்துக்கு வரமா, வம்பா?’ என்னும் தலைப்பில், வரமே என்று பேச வந்திருக்கிறேன். தேனீ கொட்டும், வடசென்னைக் காற்றில் நல்ல தேன் தேறாது, கடையில் வாங்குவதே மலிவு என்று எதிரணித் தலைவர் அடுக்கிவிட்டு அமர்ந்திருக்கிறார்.

கொட்டும், மறுக்கவில்லை. ஆனால், உயரமான கட்டடங்களிலும் தண்ணீர்த் தொட்டிகளின் அடியிலும் ஒற்றை அடையாகத் தொங்கி, கலைத்துவிட்டால் தெருவையே விரட்டுவது மலைத்தேனீ. அதைப் பெட்டியில் வளர்க்கவே முடியாது. நாம் வளர்ப்பது, இருட்டுப் பொந்துக்குள் பல அடைகளை வரிசையாகக் கட்டும் சாதுவான இந்தியத் தேனீயை. 1910களில் பாதிரியார் நியூட்டன் தென்னிந்தியாவில் வடிவமைத்த சிறிய பெட்டி இதற்கென்றே பிறந்தது. தேனீக் கொடுக்கின் நஞ்சு ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால் பெட்டியே வேண்டாம் என்பதை எங்கள் அணியே சொல்லிவிடுகிறது.

காற்றைப் பற்றி அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. மணலி ஆலைகளின் புகைபோக்கிக்குப் பக்கத்தில் பெட்டி வையுங்கள் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால், பெரம்பூர் ரயில்வே குடியிருப்பின் பழைய மரங்களும், கொளத்தூர் வீடுகளின் முருங்கையும், தெருவோரப் புங்கமும் வேம்பும் எந்த ஊரில் இருக்கின்றன? இந்தியத் தேனீ பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே மேய்ந்து திரும்புவதால், அந்த வட்டத்தில் என்ன பூக்கிறது என்று நடந்து பார்த்துவிட்டே இடத்தை முடிவு செய்யலாம்.

இனி அறுவடைக்கு வருகிறேன். எதிரணி இதைத் தொடவே இல்லை. தனி ஆளாகத் தேன் எடுப்பது பெரும்பாடு. வெயில் தாழ்ந்ததும் அப்பா தேங்காய் நாரை மூட்டிய புகைப்பானால் லேசாகப் புகை காட்டி, பெட்டியின் மேல் அறையிலிருந்து, அடை கட்டியிருக்கும் மரச் சட்டத்தைத் தூக்க, அந்த அடையில் முக்கால் பங்கு தேன் கண்களாவது மெழுகால் மூடப்பட்டிருக்கின்றனவா என்று அம்மா பார்த்துச் சொல்ல வேண்டும். மூடாத தேனில் ஈரம் அதிகம். எடுத்து வைத்தால் புளித்துவிடும். ஒட்டியிருக்கும் தேனீக்களை மென்மையான தூரிகையால் தள்ளிவிட்டுச் சட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட வேண்டும்; இல்லையேல் மணம் பிடித்துக் கூட்டமே பின்னால் வந்துவிடும். (சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் நிற்பது எப்படியிருக்கும் என்பதை வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.) வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் மெழுகு மூடியைச் சீவி, சட்டங்களைத் தேன் எடுக்கும் கருவிக்குள் நிறுத்தினால், கைப்பிடியைச் சுழற்றுவதற்குப் பிள்ளைகளுக்குள் சண்டை வரும். பாட்டி வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். காலியான அடைகள் உடையாமல் பெட்டிக்கே திரும்பும். மெழுகு சுரக்கவே தேனீ நிறையத் தேனைச் செலவிடுகிறது என்பதால், பழைய அடை அதற்குப் பெரிய மிச்சம்.

பெட்டியின் கீழ் அறையை யாரும் தொடக்கூடாது. முட்டையும் புழுவும் மட்டுமல்ல, ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளியே பறக்க முடியாத நாட்களுக்கான சேமிப்பும் அங்கேதான் இருக்கிறது. பேராசைப்பட்டு அதையும் வழித்தால், கூட்டம் பெட்டியைக் காலிசெய்துகொண்டு போய்விடும். எவ்வளவு எடுக்கலாம் என்று குடும்பம் கூடிப் பேசி முடிவெடுக்கும் பொழுதுபோக்கு வேறு எது இருக்கிறது, நடுவர் அவர்களே? தொலைக்காட்சியை இயக்கும் ரிமோட்டுக்குக்கூட நம் வீடுகளில் அந்த மரியாதை கிடையாது.

விலைக் கணக்கு தவறான கணக்கு. ஆண்டுக்குச் சில கிலோ தேனுக்காகப் பெட்டி வாங்கினால் நட்டம்தான். இதைத் தொழிலாக நினைப்பவர் ஏமாந்துபோவார் என்று நானே சொல்கிறேன். ஆனால், இதே வடசென்னையில் புறா வளர்ப்பவரிடமும் கொளத்தூரில் வண்ண மீன் வாங்கிச் செல்பவரிடமும், வருமானம் எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. தேனீயிடம் மட்டும் அந்தக் கணக்கை நீட்டுவது ஏன் என்று எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் விளக்கட்டும்.