மழை கூடப் பெய்தும் கிணறு ஏன் சவர்க்கிறது?

சரி, அடுத்த கேள்வி. புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார்: "முந்தியைவிட இப்போது மழை கூடத்தான் பெய்கிறது, முற்றத்தில் வெள்ளமும் நிற்கிறது. ஆனால் வைகாசி வந்தால் கிணற்றுத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, சவர்க்கிறது. கடல் மட்டம் உயர்வதாலா? கிணற்றை இன்னும் ஆழமாக்கலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன் அக்கா: ஆழமாக்காதீர்கள். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளே இருக்கும் நன்னீர், கடல்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. உங்களுக்குக் கிட்ட இருக்கிற நிலாவரைக் கிணற்றையே பாருங்கள். மேல்தண்ணீர் நன்னீர், கீழே போகப் போக உவர். பொதுவாக ஒரு கணக்கு உண்டு. நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும். இதை மறுபக்கமாகப் பார்த்தால்தான் பயம் வரும்: மேலே கால் மீற்றர் இறங்கினால் கீழேயிருந்து உவர் 10 மீற்றர் மேலே வரலாம். உடனே வராது, ஆனால் வரும். மெசினைப் போட்டு மணிக்கணக்கில் இறைத்தால் அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உவர் கூம்பு மாதிரி எழும்பும்.

அப்போ மழை? இங்கே ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறுகூட மாரியில் ஓடி அராலியில் கடலில் விழுவதோடு சரி. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்வதில் எவ்வளவு நிலத்துக்குள் இறங்கியதோ, அதுதான் அடுத்த மாரி வரை எங்களுக்குச் சோறு போடுகிறது. அந்த மழை நிதானமாகப் பெய்தால் செம்பாட்டு மண் குடித்துக்கொள்ளும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 38 சென்ரிமீற்றருக்கு மேல் கொட்டியது. ஒரு வருட மழையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! இப்படிக் கொட்டுகிற தண்ணீரில் நிறைய மண்ணுக்குள் இறங்காமல் கடலுக்கு ஓடிவிடும். வளி சூடாகச் சூடாக அது பிடித்து வைத்திருக்கும் நீராவியும் கூடும், அதனால் மழை பெய்யும்போது இப்படிக் கொட்டித் தீர்க்கிற வாய்ப்பும் கூடுகிறது. கோடையில் வெயில் ஏறினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கூடுதலாக இறைக்க வேண்டும். நீங்கள் சொல்லும் வெள்ளமும் சவரும் ஒரே வருடத்தில் வருவது இப்படித்தான்.

கடல் மட்டமும் சேர்கிறதுதான். கடந்த நூற்றிச் சொச்சம் வருடங்களில் உலக சராசரியாகச் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. தீவுப் பகுதிகளிலும் கரையோரத்திலும் அதன் பாதிப்பு பெரிது. ஆனால் புத்தூரில் இந்த வைகாசியில் சவர்த்ததற்குக் கடலைவிட மெசினைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சவரை நாக்கு கண்டுபிடித்துவிடும். நைத்திரேற்றைக் கண்டுபிடிக்காது. தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிக் கழிவும் பெருமழையோடு கல்வெடிப்புகள் வழியாக நேரே கிணற்றுக்கு இறங்குகின்றன. அவற்றிலிருந்துதான் நைத்திரேற்று வருகிறது. குடிநீரில் அதற்கு ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம்தான் எல்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற செறிவு கூடத்தான் செய்யும். பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை இருக்கிற வீடு என்றால் இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம்.

செய்யக்கூடியது என்ன? ஒரே மூச்சில் இறைக்காமல் காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள், உறிஞ்சு குழாயின் முனையை அடிக்கு இறக்காதீர்கள். குடிக்கவும் சமைக்கவும் கூரை மழைநீரைத் தொட்டியில் பிடிக்கலாம், முதல் மழையை மட்டும் வெளியே விடுங்கள். ஊர்க்குளத்தைத் தூர்வாரினால் தண்ணீர் கொஞ்சம் தங்கி இறங்கும். தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நல்லதுதான், ஆனால் அது தோட்டத்துக்கு இறைக்கிற தண்ணீர் இல்லை.

அப்புறம், தண்ணீரைச் சோதிக்கக் கொடுக்கும்போது மாரி முடிந்ததும் ஒரு போத்தல், ஆவணி கடைசியில் ஒரு போத்தல் என்று கொடுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், நைத்திரேற்று இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு போத்தலை மட்டும் வைத்துக் கிணற்றின் குணத்தைச் சொல்ல முடியாது.