மூச்சு விடுவது எதற்காக?

நேயர்களுக்கு வணக்கம். உட்கார்ந்திருப்பவர்கள் மூச்சைச் சற்றே அடக்கிப் பாருங்கள். வண்டி ஓட்டுபவர்களும் உடல்நலம் இல்லாதவர்களும் வேண்டாம். நான் பேசிக்கொண்டே இருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு தவிப்பு வருகிறதல்லவா? சரி, விட்டுவிடுங்கள்.

பிராணவாயு தீர்ந்துபோய்த் தவித்தோம் என்றுதான் நினைப்போம். அது இன்னும் கையிருப்பில் இருக்கிறது. வெளியே போகாமல் தேங்கிய கரியமில வாயுதான் உங்களை நெருக்கியது. அந்தப் பெயரைக் கவனியுங்கள், நடுவிலேயே அமிலம் உட்கார்ந்திருக்கிறது. நீரில் கரைந்தால் அது அமிலம். உடல் அன்றாடம் உண்டாக்கும் அமிலத்தில் பெரும்பங்கு இதுதான். இரத்தத்தின் பிஎச் அளவோ 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்க வேண்டும். எண் குறைந்தால் அமிலம் கூடிவிட்டது என்று பொருள். தலைகீழ்க் கணக்குதான், மாணவப் பருவத்தில் நானும் குழம்பியிருக்கிறேன்.

தமிழில் 'மூச்சு விடுகிறான்' என்கிறோம் பாருங்கள், இரத்தத்தின் கணக்கில் அந்த விடுதல்தான் முக்கியம். இதைச் சொன்னால் என் மாணவர்கள் சிரிப்பார்கள், ஐயா மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று.

1952 ஆகஸ்ட். கோபன்ஹேகன் நகரில் போலியோ பரவியிருந்தது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் பிளெக்டாம் மருத்துவமனையில் வந்து குவிந்தார்கள். மூச்சுக் கருவிகளில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். அவர்களின் இரத்தத்தில் கரியமில வாயுவின் மொத்த அளவு மிகுந்திருந்தது. அது அமிலத்தைத் தணிக்கும் காரப்பொருளான பைகார்பனேட்டாக இருக்கும், அதாவது இரத்தத்தில் காரம் ஏறிவிட்டது என்று மருத்துவர்கள் எண்ணினார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் மறுத்தார். காரம் அல்ல, அமிலம். இவர்களால் மூச்சை வெளியேற்ற முடியவில்லை, அவ்வளவுதான் என்றார்.

ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாயைச் செருகினார்கள். குழாயின் மறுமுனையில் ஒரு ரப்பர் பை. அவள் திமிறினாள், காற்று உள்ளே போகவில்லை. இப்சன் மயக்க மருந்து கொடுத்தார். அவள் அடங்கியதும் பையை அமுக்கினார், விட்டார், அமுக்கினார், விட்டார். தேங்கியது வெளியேறியது, சிறுமி தேறினாள். பிறகு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் உட்கார்ந்து கையால் பை அமுக்கினார்கள். நானும் பல இரவுகள் அப்படிப் பை அமுக்கியவன். ஒரு மணி நேரத்தில் விரல்கள் மரத்துவிடும். ஒரு பிறவி மூச்சு எத்தனை அமுக்கு என்று அப்போதுதான் உறைக்கும்.

கட்டுக்கடங்காத நீரிழிவில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அங்கே கொழுப்பு சிதைந்து உண்டாகும் கீட்டோன் அமிலங்கள் பெருகும். நோயாளி ஓடிவந்தவர்போல ஆழமாக மூச்சு விடுவார். கரியமில வாயுவை வாரி வெளியே தள்ளி நுரையீரல் ஈடுகட்டப் பார்க்கிறது. ஜெர்மன் மருத்துவர் குஸ்மால் 1874இல் விவரித்தது இந்த மூச்சைத்தான்.

கண்ணாடிக்கு அப்பாலிருந்து இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம். சிறுநீரகத்துக்கு ஒதுக்கியிருந்த நேரத்தையும் ரப்பர் பை தின்றுவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். புரதம் சிதையும்போது உண்டாகும் கந்தக அமிலம் மூச்சோடு போகாது, சிறுநீரில்தான் போக வேண்டும். நுரையீரல் நிமிடங்களில் வேலை முடிக்கும், சிறுநீரகத்துக்குச் சில நாட்கள் ஆகும். அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதிலுள்ள பைகார்பனேட்டை அநேகமாக முழுவதுமே திரும்ப எடுத்து இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. அமிலத்தை அம்மோனியாவின் தோளில் ஏற்றி அனுப்பும் வித்தை ஒன்றும் உண்டு. அதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.