அப்பத்தாவுக்குப் பிடித்த ஸ்திரீபார்ட்

நேயர்களுக்கு வணக்கம். பிடித்த பாட்டு ஐந்தைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். துண்டுத்தாளில் ஐந்து பெயர் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஐந்தும் ஒரே ஆள் பாடியவை. அவர் பெயர் கிங் டைமண்ட். 1956-இல் பிறந்த டென்மார்க்காரர், கோபன்ஹேகன் ஊர். வீட்டில் வைத்த பெயர் கிம் பெண்டிக்ஸ் பீட்டர்சன்.

இவர் பாடுவது ஹெவி மெட்டல், கிட்டாரும் டிரம்ஸும் காதை அடைக்கிற ராக் இசை. அதைக் கேட்டதும் சிலர் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கப் போவீர்கள். குறைக்க வேண்டாம், நான் பாடப்போவதில்லை.

மேடையில் இவர் முகத்தில் கறுப்பும் வெள்ளையுமாக அரிதாரம், தலையில் உயரமான தொப்பி. மைக்கைப் பிடிக்கும் கைப்பிடி இரண்டு எலும்புகளைக் குறுக்காகக் கட்டியது. இதெல்லாம் ரேடியோவில் உங்களுக்குத் தெரியாது. நல்லதுதான். நானும் பல வருடம் அவர் முகத்தைப் பார்க்காமல்தான் பயந்தேன். பயம் காது வழியாக வரும்போது இருக்கிற பலம் கண் வழியாக வரும்போது இல்லை என்பது என் கட்சி. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ரேடியோ நாடகம் கேட்டவர்களுக்கு இது புரியும். கதவு கிறீச்சிடும், அவ்வளவுதான். மீதியை நம் தலையே செய்துகொள்ளும்.

எனக்கு இவர் வந்து சேர்ந்தது ஒரு கேசட்டில். ஹாஸ்டல் நண்பன் பதிவு செய்து கொடுத்தான். அட்டை கிடையாது, படம் கிடையாது, பேனாவில் எழுதிய இரண்டு பெயர் மட்டும். ஒரு பக்கம் 1987-இல் வந்த 'அபிகெய்ல்', மறுபக்கம் 1988-இல் வந்த 'தெம்'. அறுபது நிமிடக் கேசட். இந்த அறுபதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வருகிறேன்.

முதல் பாட்டு, 'வெல்கம் ஹோம்'. 'தெம்' ஆல்பத்தில் இருக்கிறது. கதை இதுதான்: ஒரு வீடு. அதில் ஒரு பையன், அவன் தங்கை, அம்மா. மனநோய் விடுதியில் ரொம்ப நாள் இருந்த பாட்டி வீடு திரும்புகிறாள். பேரன் வரவேற்கிறான். வா பாட்டி, எத்தனை நாளாச்சு, நாற்காலியிலிருந்து எழுந்து வா என்கிறான். வார்த்தையில் அவ்வளவும் பாசம். குரலைக் கேட்டால் முதுகு சில்லிடும். அடிவயிற்றிலிருந்து உறுமுகிற ஒரு குரல், கண்ணாடியைக் கீறுவதுபோல் உச்சத்தில் ஒரு குரல், நடுவில் சாதாரணமாக ஒரு குரல். மூன்றும் இவர்தான். ஸ்டுடியோவில் தன் குரலின் மேல் தன் குரலையே அடுக்கி அடுக்கிப் பதிவு செய்வார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது இதைப் போட்டேன். திண்ணையில் அப்பத்தா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது.

"யாருடா அந்தப் பொம்பள? வயித்துவலியா?"

"பொம்பள இல்ல அப்பத்தா, ஆம்பளதான்."

அப்பத்தா கொஞ்ச நேரம் கேட்டது. "ஓ, ஸ்திரீபார்ட்டா" என்றது.

அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் நான் இன்றைக்குச் சொல்லப் போவதெல்லாம் சும்மா. அப்பத்தா சின்ன வயதில் விடிய விடிய நாடகம் பார்த்த ஆள். மீசையை மழித்துக்கொண்டு ஆண் ஒருவர் வள்ளியாக நின்று பாடுவதைப் பார்த்துப் பழகியவளுக்கு இதில் என்ன அதிசயம்? என் வயதுப் பையன்கள் கத்தல் என்றார்கள். அப்பத்தா மட்டும் வேஷம் என்றது. வேஷம்தான். அந்த உச்சக்குரல் அலங்காரத்துக்கு வருவதில்லை. பாட்டி பேசும்போது ஒரு மாதிரி, பையன் பேசும்போது ஒரு மாதிரி என்று ஆள் மாறும்போது மாறுகிறது.

"சரி, என்ன பாடுறான்?"

"அவங்க அப்பத்தா ஊர்லேருந்து வந்திருக்கு. வா வாங்கிறான்."

"நல்ல புள்ள" என்றது. அன்றிலிருந்து கீரை உருவும்போதெல்லாம் "அந்த அப்பத்தா பாட்டப் போடுறா" என்று கேட்கும். நான் விடுதி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை.

என் தாளில் இரண்டாவது பாட்டு, 'டீ'. இதுவும் 'தெம்' ஆல்பம்தான். ராத்திரியில் பாட்டி டீ போடுகிறாள். கண்ணுக்குத் தெரியாத சிலரும் கூட உட்கார்ந்து குடிக்கிறார்கள். டீயில் கலப்பது பையனின் அம்மாவுடைய ரத்தம். அம்மா நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே போகிறாள். அப்பத்தா இதற்கும் கதை கேட்டது.

"பாட்டி டீ போடுது."

"வந்ததும் வராததுமாவா? மருமக என்ன பண்றா?"

"மருமகளுக்கு ஒடம்பு முடியல, படுத்திருக்கு."

"ம்க்கும்" என்றது அப்பத்தா, எங்கள் அம்மா இருந்த அடுப்படிப் பக்கம் பார்த்து. அதற்கு மேல் நான் கதை சொல்லவில்லை.

மணி பார்க்கச் சொல்கிறார்கள். மூன்றாவது, 'தி கேண்டில்'. 1986-இல் வந்த 'ஃபேட்டல் போர்ட்ரெயிட்' ஆல்பத்தின் முதல் பாட்டு. மெழுகுவர்த்திச் சுடரில் ஒரு முகம் தெரிகிறது, அவ்வளவுதான் சொல்லப்போகிறேன். 1981-இல் கோபன்ஹேகனில் இவர் பாடத் தொடங்கிய மெர்சிஃபுல் ஃபேட் குழுவைப் பற்றியும் நிறைய எழுதி வந்தேன். அந்தக் குழுவின் பாட்டுகளை ஒன்றாகக் கோத்து அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா 1998-இல் பதினோரு நிமிடத்துக்கு வாசித்தார்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

நான்காவதுக்கு வந்துவிடுகிறேன், இதுதான் முக்கியம். 'பிளாக் ஹார்ஸ்மென்', 'அபிகெய்ல்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு. 1845, கோடைக்காலம், மழை. ஜோனத்தன், மிரியம் என்று ஓர் இளம் தம்பதி, பரம்பரையாக வந்த பழைய மாளிகைக்குக் குதிரைவண்டியில் வருகிறார்கள். வழியில் ஏழு குதிரைவீரர்கள் மறித்து, திரும்பிப் போங்கள், போகாவிட்டால் பதினெட்டு ஒன்பதாகும் என்று விடுகதை போடுகிறார்கள். ஜோனத்தன் சிரிக்கிறான். மாளிகையில் 1777-ஆம் வருடம் ஜூலை 7-ஆம் தேதி பிறக்கும்போதே செத்த அபிகெய்ல் என்ற குழந்தையின் உடல் இருக்கிறது. அதன் ஆவி புகுந்து மிரியம் கர்ப்பமாகிறாள், வயிறு நாள்கணக்கில் வளர்கிறது. காலித் தொட்டில் தானாக ஆடுகிறது. மிக்கி டீயின் டிரம்ஸ் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆமாம், பிற்பாடு மோட்டார்ஹெட் என்ற இங்கிலாந்துக் குழுவில் வாசித்த அதே மிக்கி டீதான். ஆண்டி லாராக்கின் கிட்டார் படிக்கட்டில் ஏறுகிறது, இறங்குகிறது.

அந்த இடத்தில் என் கேசட் தீர்ந்துவிடும். டக்.

ஆல்பம் நாற்பது நிமிடம். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பதுதான். நண்பனுக்குக் கணக்கு வராது. எட்டாவது பாட்டின் நடுவில் அறுந்து போகும். ஒன்பதாவது பாட்டு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. ஏழு வருடம் நானே ஒரு முடிவு வைத்திருந்தேன்: மிரியம் மழையில் ஓடித் தப்பிக்கிறாள், அந்த ஏழு பேரும் அவளைக் குதிரையில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

வேலைக்குப் போய் சம்பளம் வாங்கி, சிடி கிடைத்து, ஒருநாள் ராத்திரி ஹெட்ஃபோனில் அந்த ஒன்பதாவதைக் கேட்டேன். சாதாரணக் கிட்டாரில் மெதுவாகத் தொடங்கும். மிரியம் தப்பிக்கவில்லை. பிரசவத்திலேயே போய்விடுகிறாள். குதிரைவீரர்கள் வருவது அவளுக்கு மறுபடி பிறந்த அபிகெய்லுக்காக, அதைத் தூக்கிப்போய்ப் புதைக்க.

அப்போதுதான் உறைத்தது. ஆல்பத்தின் முதல் ஒன்றரை நிமிடம் ஒரு சவ அடக்கம். அபிகெய்ல் மறுபடி எழாமலிருக்க ஏழு வெள்ளி ஆணிகளை அடிக்க வேண்டும் என்று ஒரு குரல் சொல்லும். முதல் ஆணி யார் அடிப்பது என்று கேட்கும். ஆணி அடிக்கிறவர்கள் அந்தக் குதிரைவீரர்கள். கதையின் முடிவு அதுதான். ஏழு வருடமாகக் கேசட்டின் தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. அந்தப் பகுதியை நான் எப்போதும் முன்னால் ஓட்டிவிடுவேன், பாட்டு இல்லையே என்று.

கிங் டைமண்ட் 2010 கடைசியில் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2012-இல் தன் குழுவோடு மறுபடி கச்சேரி செய்யத் தொடங்கினார். 'தெம்' கதைப் பாட்டியாக வேஷம் போட்ட ஒருவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து மேடைக்குக் கொண்டுவருவதும் உண்டு. அதையும் சொல்ல நினைத்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள்.

ஐந்தாவது ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு. பேய் இல்லை, டாம் அண்ட் ஜெர்ரி வருவார்கள். டிசம்பரில் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.