அவர் கையெழுத்துப் போடாத வரைபடங்கள்

(கட்டுமானப் பொறியாளர் ஒருவரின் நினைவுக் கூட்டத்தில் அவருடைய மனைவி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் என் வீட்டுக்காரர் கட்டியவற்றை எல்லாம் வரிசையாகச் சொன்னார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இங்கே உட்கார்ந்திருந்தால் நெளிந்திருப்பார். "கட்டினது மேஸ்திரியும் கம்பி கட்டுறவங்களும். நான் கணக்குப் போட்டேன், அவ்வளவுதான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முணுமுணுத்திருப்பார். அதனால் நான் வேறு ஒரு பட்டியலைப் பற்றிப் பேசுகிறேன். அவர் கையெழுத்துப் போட மறுத்த வரைபடங்கள். அவற்றில் ஒரு பெரிய கட்டு எங்கள் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறது.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துவிட்டு வரைபடத்தை விரிப்பார். சுருண்டுகொள்ளாமல் இருக்க நாலு மூலையிலும் ஏதாவது கனமான பொருள் வேண்டும். அகராதி, டார்ச் லைட், சில சமயம் என் கைப்பை. அப்புறம் ஆள்காட்டி விரலைத் தளத்தின் மேல் வைப்பார். தளத்திலிருந்து உத்தரம், உத்தரத்திலிருந்து தூண், தூணிலிருந்து அஸ்திவாரம், அஸ்திவாரத்திலிருந்து மண் என்று விரல் நகர்ந்துகொண்டே போகும். வாய்க்குள்ளே ஒரே கேள்வி: "இந்தச் சுமை எங்கே போகுது?" விரல் எங்கேயாவது நின்றுவிட்டால் அந்த இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கேள்விக்குறி விழும். கேள்விக்குறி விழுந்த தாளில் அன்றைக்குக் கையெழுத்து கிடையாது. யார் போன் செய்தாலும் கிடையாது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். சுபாவம் பாதி. மீதி, அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு விபத்து.

1981 ஜூலை 17, அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். கூடத்துக்குக் குறுக்கே, கூரையிலிருந்து கம்பிகளில் தொங்கும் நடைபாலங்கள். நாலாவது மாடிப் பாலத்துக்கு நேர் கீழே இரண்டாவது மாடிப் பாலம். அன்று மாலை கீழே நடன நிகழ்ச்சி, நல்ல கூட்டம். இரண்டு பாலங்களும் ஒன்றோடு ஒன்று சேர்ந்து கீழே விழுந்தன. 114 பேர் இறந்துபோனார்கள்.

எனக்கு இதை அவர் விளக்கிய விதம் மறக்காது. ஒரே கயிற்றில் இரண்டு பேர் தொங்குகிறார்கள், ஒருவர் மேலே, ஒருவர் கீழே. இரண்டு பேருமே கயிற்றைப் பிடித்திருக்கிறார்கள். மேலே இருப்பவரின் கை தாங்குவது அவருடைய எடையை மட்டும்தான். இப்போது கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொள்கிறார். கயிறு தாங்கும் எடை அதேதான். ஆனால் மேலே இருப்பவரின் கைக்கு இரட்டைச் சுமை.

அங்கே நடந்தது இதுதான். முதலில் போட்ட வரைபடத்தில் கூரையிலிருந்து ஒரே நீளக் கம்பி, இரண்டு பாலங்களையும் தாங்குவதாக இருந்தது. அவ்வளவு நீளத்துக்கு மரை வெட்டி நட் ஏற்றுவது கஷ்டம் என்று அதை இரண்டு கம்பிகளாக்கினார்கள். மேல் பாலம் கூரையிலிருந்து, கீழ்ப் பாலம் மேல் பாலத்திலிருந்து. மேல் பாலத்தின் உத்தரத்தில் கம்பி சேரும் இடத்தில் சுமை இரண்டு மடங்கானது. அந்த மாற்றத்தை யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. வரைபடத்தில் முத்திரை மட்டும் விழுந்தது. முதலில் போட்ட வடிவமே விதிமுறை கேட்ட வலிமையில் சுமார் 60 சதவீதம்தான் என்று பிற்பாடு விசாரணையில் தெரிந்தது.

"சின்ன மாற்றம் சார், வேலை சுலபமாகும்" என்று யாராவது அவரிடம் சொன்னால் அவர் முகம் ஏன் மாறியது என்று இங்கே இருக்கும் இளைஞர்களுக்கு இப்போது புரியும். சிரிக்கிறீர்கள். நீங்கள் எல்லாம் அந்த முகத்தைப் பார்த்தவர்கள்தானே.

அந்த முகத்தால் வேலையும் போயிருக்கிறது. ஒரு இடத்தில் கான்கிரீட் போடும் நாள். கலவை கெட்டியாக இருக்கிறது, கம்பிக்கு நடுவே இறங்கவில்லை என்று ஆட்கள் ஹோஸ் பைப்பால் தண்ணீரை விட்டிருக்கிறார்கள். தண்ணீர் விட்டால் கலவை வழுவழுவென்று இறங்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் சிமென்ட் தனக்கு வேண்டிய தண்ணீரை எடுத்துக்கொண்டபின் மிச்சத் தண்ணீர் உலர்ந்து போகும். அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாகிவிடும். தண்ணீருக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள விகிதம்தான் வலிமையைத் தீர்மானிக்கிறது என்று டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க கான்கிரீட் ஆய்வாளர் 1918-லேயே சொல்லிவிட்டார் என்று இவர் அங்கேயே வகுப்பு எடுத்திருக்கிறார். வேலையையும் நிறுத்திவிட்டார். ஏற்கனவே போட்ட பகுதிக்கு 28 நாள் க்யூப் சோதனை, அதாவது அதே கலவையில் வார்த்த கனசதுரக் கட்டியை 28 நாள் கழித்து நசுக்கி வலிமை பார்க்கும் சோதனை, அதன் முடிவு வராமல் மேலே போகக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்த நிறுவனம் அதற்கப்புறம் அவரைக் கூப்பிடவே இல்லை. வீட்டில் அந்த வருடம் கொஞ்சம் இழுபறிதான். எனக்குக் கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் ஹோஸ் பைப் பிடித்த அந்த ஆளை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "அவன்கிட்ட கலவையை அதிரவெச்சு இறக்குற வைப்ரேட்டர் ஒழுங்கா வேலை செய்யலை. கலவை இறங்கலைன்னா அவன் வேற என்ன செய்வான்?" என்றுதான் என்னிடம் சொன்னார். கடுமை முழுக்கக் கையெழுத்துப் போடுகிறவர்களிடம்தான். வேலை செய்கிறவர்களிடம் இல்லை.

எங்களை அழைத்துக்கொண்டு வெளியூர் போனால் எல்லாரும் ஆற்றைப் பார்ப்போம், அவர் பாலத்துக்குக் கீழே குனிந்து, பாலம் தூண்மேல் உட்காரும் இடத்தில் இருக்கும் பேரிங்கைப் பார்ப்பார். மாடிக்குப் போனால் கைப்பிடியை ஒரு தடவை உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவார். அன்பாக நாலு வார்த்தை பேசத் தெரியாத மனுஷன். எனக்கு முட்டிவலி வந்தபோது ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. மறுநாள் டேப்பை எடுத்து வீட்டுப் படிகளை அளந்தார். ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட உயரமாக இருந்திருக்கிறது. அந்த வாரமே இடித்துச் சரிசெய்தார். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதற்கு, "படி எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கணும், அது விதி" என்றார். என் பெயரையே எடுக்கவில்லை.

அழைப்பிதழில் என்னை எமிலி ரோப்ளிங்கோடு ஒப்பிட்டு இரண்டு வரி போட்டிருந்தார்கள். அந்த அம்மாள் வேறு. புரூக்ளின் பாலத்தின் தலைமைப் பொறியாளரான கணவர் நோயில் படுத்துவிட, அவருடைய குறிப்புகளைக் களத்துக்கு எடுத்துப்போய், தானே பொறியியல் கற்றுக்கொண்டு, 1883-ல் பாலம் திறக்கிறவரை நின்று நடத்தியவர். எனக்குச் சமன்பாடு ஒன்றும் தெரியாது. அவர் விரலைத் தொடர்ந்து என் கண்ணும் போகும், அவ்வளவே. இருந்தும் ஒரு தடவை "இந்தத் தூணுக்குக் கீழே ஒண்ணும் போடலையே" என்று நான் கேட்க, தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த தாளில் இருக்கு" என்றார். அப்புறம் அந்த அடுத்த தாளைத் தேடி எடுத்து, அங்கே அஸ்திவாரம் இருக்கிறது என்று விரலால் காட்டிய பிறகுதான் தூங்கப் போனார்.

அவருடைய நோட்டுகளையும் அந்த வரைபடக் கட்டையும் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாருங்கள், வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம், நகல் எடுக்கலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பென்சில் எழுத்து யாருக்கும் சட்டென்று புரியாது. ஐந்தும் ஆறும் ஒரே மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் நீங்களாக ஊகிக்க வேண்டாம், என்னைக் கூப்பிடுங்கள். நான் படித்துச் சொல்கிறேன்.

வணக்கம்.