படகு டிரெய்லர் பிரேக்: காலிப்பர் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன்

வணக்கம் நண்பர்களே. டெக்சாஸின் கால்வெஸ்டன் கரையிலிருந்து படகை இழுத்து வந்த டிரெய்லர்தான் எனக்குப் பின்னால் நிற்கிறது. வலது சக்கரம் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. இடது சக்கரத்தில் சூடே இல்லை.

இதற்கெனத் தனியாக பிரேக் பெடல் கிடையாது. முன்னால் போகும் வண்டி வேகம் குறைந்ததும் டிரெய்லர் தன் எடையாலேயே அதை முட்டுகிறது. இணைப்புத் தலை உள்ளே சறுக்கி, பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை அழுத்துகிறது. இதுதான் சர்ஜ் பிரேக். ரிவர்ஸ் எடுக்கும்போதும் முட்டத்தானே செய்யும்? டிஸ்க் பிரேக் என்றால் அதற்கொரு சோலனாய்டு, அதாவது மின்சார வால்வு உண்டு. ரிவர்ஸ் விளக்கின் மின்சாரம் வந்ததும் ஆயில் பாதையை அடைத்துவிடும். அந்த ஒயரில் உப்புத் துரு ஏறினால் படகை இறக்கும் இடத்துக்கு ரிவர்ஸ் எடுக்கும்போதே, மேடு வந்தால் டிரெய்லர் பிரேக் பிடித்து நின்றுவிடும், வரிசையில் நிற்பவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.

இரண்டு சக்கரமும் சுட்டால் முன்பக்கத்தைச் சந்தேகப்படுங்கள்: சறுக்கும் தலை, மாஸ்டர் சிலிண்டர், இழுபட்டுப் பூட்டிக்கொண்ட அவசர பிரேக் கம்பி. ஒன்று மட்டும் சுட்டால், சக்கரத்தின் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை வாங்க எல்லோரும் ஓடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

இங்கே பாருங்கள். இன்னொரு டயருக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டும் வைத்திருக்கிறேன். சக்கரம் அசையவில்லை. காலிப்பரின் காற்று எடுக்கும் திருகில் குழாய் மாட்டி, மறுமுனையைப் பாட்டிலுக்குள் விட்டு, கால் சுற்று திறக்கிறேன். ஆயில் பீய்ச்சியது, சக்கரமும் விட்டுவிட்டது! ஆக, உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது, காலிப்பர் நிரபராதி. திறந்த பிறகும் இறுக்கமாகவே இருந்தால்தான் துருப்பிடித்த பிஸ்டனையோ, சறுக்காத பின்னையோ குற்றம் சொல்ல வேண்டும்.

அழுத்தம் எங்கே சிக்கியது? மாஸ்டர் சிலிண்டரில் என்றால் இடது சக்கரமும் பிடித்திருக்கும். மிச்சம் இருப்பது வலது பக்க ரப்பர் ஹோஸ்தான். கழற்றி நீளவாக்கில் கீறிவிட்டேன். வெளியே புதிதுபோலப் பளபளக்கிறது. உள்ளே ரப்பர் உப்பி, துளை ஊசிக்கண் அளவுக்குச் சுருங்கிவிட்டது. பிரேக்கின் வேகத்தில் ஆயில் உள்ளே நுழைந்துவிடும், திரும்பி வரத்தான் வழியில்லை.

இரண்டு பக்க ஹோஸையும் மாற்றுகிறேன். மற்றதற்கும் அதே வயது, அதே உப்புத் தண்ணீர். இரும்புக் குழாயையும் ஒரு பார்வை பாருங்கள். டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் கிளிப் உரசும் இடத்தில்தான் அரிப்பு தொடங்கும்.

பிறகு டாட் 3 வகை பிரேக் ஆயில் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கிக் குமிழி நிற்கும்வரை காற்றை எடுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கக் கூடாது. பாட்டிலில் சேர்ந்த ஆயிலையும் திரும்ப ஊற்றாதீர்கள். அது ஈரம் குடித்தது, பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டும் போய்விடும்.

சிறிது தூரம் ஓட்டிவிட்டு இரண்டு சக்கரங்களின் சூட்டையும் பாருங்கள். ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் படகை ஏற்றலாம்.