டிஎம் மட்டும் ஏன் காசு போடணும்? டி அண்ட் டி குரூப்ல செலவைப் பிரிக்கறது எப்படி

வணக்கம் மக்களே! இன்னைக்கு முழுக்க காசு பத்தித்தான் பேசப் போறேன். டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ் மாதிரி டேபிள்டாப் ஆர்பிஜி, மேஜையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கு ஒரு பாத்திரமா விளையாடற கதை விளையாட்டு, அதை விளையாடுற ஒரு குரூப்ல எதுக்கு யாரு செலவு பண்றது, எதைப் பங்கு போடலாம், எதைப் போடவே கூடாது, அதுதான் விஷயம்.

நான் பாத்த வரைக்கும் குரூப் உடையறதுக்குப் பெரும்பாலும் ரெண்டு காரணம். ஒண்ணு, எல்லாருக்கும் ஒத்து வர்ற ஞாயித்துக்கிழமை கிடைக்காது. இன்னொண்ணு, கதையை நடத்தற டிஎம் சலிச்சுப் போயிடுவாங்க. அந்தச் சலிப்புக்குப் பின்னாடி பல நேரம் பணம் இருக்கு. யாரும் வாய்விட்டுச் சொல்றதில்ல, நண்பர்கள்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு ஒரு கூச்சம்.

புதுசா பாக்கறவங்களுக்காகச் சொல்லிடறேன். இந்த விளையாட்டுல ஒருத்தர் கதையை நடத்துவார், அவர்தான் டன்ஜன் மாஸ்டர், டிஎம். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்துக்குவாங்க. வாய்ப்பேச்சும் டைஸும்தான் விளையாட்டு.

ஒவ்வொரு குரூப்லயும் ஆசைப்பட்டு முதல்ல இறங்கறது டிஎம்தான். அதனால எல்லாத்தையும் அவரே வாங்கிடறார். 2024ல வந்த புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக், அதுக்கப்புறம் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட், 2025ல வந்த மான்ஸ்டர் மேனுவல், மூணும் விதிப் புத்தகங்கள், அமெரிக்காவுல தலா 49.99 டாலர். மூணும் சேத்தா கிட்டத்தட்ட 150 டாலர். நம்ம காசுக்கு 12,500 ரூபாய்க்கு மேல போகுது. இது புத்தகம் மட்டும். அப்புறம் கதைக்குன்னு ஒரு அட்வென்சர் புக், கட்டம் போட்ட மேட், பாத்திரங்களுக்கான குட்டி பொம்மை மினியேச்சர், டிஎம் தன் குறிப்பை மறைச்சு வச்சுக்கற ஸ்கிரீன்னு ஒண்ணு ஒண்ணா சேரும். ஒரு சம்பளக்காரர் தன் கைக்காசுல இவ்வளவும் வாங்கி வச்சிட்டு, வாரா வாரம் ராத்திரி உக்காந்து கதை தயார் பண்ணி, கடைசியில விளையாடற அன்னைக்குக் காலையில ரெண்டு பேர் "ப்ரோ, இன்னைக்கு வர முடியல"ன்னு மெசேஜ் போட்டா, அவருக்கு எப்படி இருக்கும்?

அதனால என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். டிஎம் பணம் போட வேண்டியதில்ல. அவர் போடறது நேரம். நாலு மணி நேரம் விளையாடறதுக்கு அவர் வீட்டுல எத்தனை மணி நேரம் உக்காந்து தயார் பண்றார்னு அவர் வீட்டு ஆளுங்களைக் கேட்டாத் தெரியும். எங்க குரூப்ல டிஎம் பங்கு பூஜ்யம். டீக்காசு கூட வாங்கறதில்ல.

ஆனா பங்கு பிரிக்கறதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி இருக்கு. இப்பவே வாங்கித்தான் ஆகணுமா? இல்லவே இல்ல. டி அண்ட் டியோட அடிப்படை விதிகள், எஸ்ஆர்டின்னு சொல்லுவாங்க, 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல வெளியாச்சு. 2024 விதிகளுக்கான புது எஸ்ஆர்டியும் 2025ல அதே மாதிரி வந்தாச்சு. சட்டப்படி இலவசம், யார் வேணா இறக்கிக்கலாம், பிரிண்ட் போட்டுக்கலாம். அதுல எல்லாம் இருக்காது. போர்வீரன், மந்திரவாதி மாதிரி பாத்திர வகையைக் கிளாஸ்னு சொல்லுவாங்க, அதோட உட்பிரிவுதான் சப்கிளாஸ். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரே ஒரு சப்கிளாஸ்தான் இருக்கும். சில பேர்போன மான்ஸ்டர்கள் இருக்காது. ஆனா ஒரு குரூப் மாசக்கணக்குல விளையாட அது தாராளமாப் போதும். பாத்ஃபைண்டர்னு இதே மாதிரி இன்னொரு விளையாட்டு, அந்தப் பக்கம் போனீங்கன்னா இன்னும் வசதி. ஆர்கைவ்ஸ் ஆஃப் நெத்திஸ்னு ஒரு தளம், அதை வெளியிடற பைசோ கம்பெனியோட அனுமதியோடயே விதிகள் மொத்தமும் அங்க இலவசமா இருக்கு.

அதனால முதல் சில செஷன் காசே எடுக்காதீங்க. யாரு நிலைச்சு வர்றாங்கன்னு பாருங்க. அப்புறம் பேசலாம்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். பெரும்பாலான குரூப் என்ன பண்ணும்? அஞ்சு பேர் இருக்கோம், ஒரு புத்தகம் நாலாயிரம், ஆளுக்கு எண்ணூறு போடு, முடிஞ்சது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஒரு வருஷம் கழிச்சு ஒருத்தருக்கு பெங்களூருல வேலை கிடைச்சுப் போறார். அந்தப் புத்தகத்துல அவரோட எண்ணூறு ரூபாய் எங்க? திருப்பித் தரணுமா? புதுசா வர்றவர் அந்தப் பங்கை வாங்கணுமா? பழசான புத்தகத்துக்கு எந்த விலை? குரூப்பே கலைஞ்சா புத்தகம் யாரு வீட்டுக்கு? கூட்டுப் பட்டா நிலம் மாதிரி ஆயிடும். எல்லாருக்கும் உரிமை இருக்கும், யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

இந்த விளையாட்டு பிறந்த கதையிலயே இது இருக்கு. 1973ல அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவான்னு ஒரு சின்ன ஊர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேந்து உருவாக்கின டி அண்ட் டியை அச்சடிக்கக் கையில காசு இல்ல. கைகாக்ஸோட சின்ன வயசு சிநேகிதர் டான் கே தன் இன்ஷூரன்ஸ் பாலிசி மேல ஆயிரம் டாலர் கடன் வாங்கிப் போட்டார். கைகாக்ஸ் ஒரு ஆயிரம். அதுவும் போதலன்னு பிரையன் பிளூம் ரெண்டாயிரம் டாலரோட சேந்தார். டிஎஸ்ஆர் கம்பெனி அப்படித்தான் உருவாச்சு. 1974ல ஆயிரம் பிரதி, ஒரு பெட்டி 10 டாலர். அவங்களே கையால பெட்டிக்குள்ள அடுக்கி வித்தாங்க. சிநேகிதங்க சேந்து போட்ட காசுலதான் நாம இன்னைக்கு விளையாடறோம். எனக்கு இது ரொம்பப் பிடிச்ச விஷயம்.

ஆனா 1975 ஜனவரியில டான் கே திடீர்னு மாரடைப்புல இறந்துட்டார். அவர் பங்கு மனைவி கைக்குப் போச்சு. அதைத் திரும்ப வாங்கற அளவுக்கு கைகாக்ஸ்கிட்ட பணம் இல்ல. பிளூம் குடும்பத்துப் பணம் உள்ள வந்துச்சு, கைகாக்ஸோட பங்கு சிறுத்துச்சு. 1985ல, அவர் ஆரம்பிச்ச கம்பெனி அவர் கையை விட்டே போயிடுச்சு. ஒருத்தர் இல்லாமப் போனா அவர் பங்கு என்ன ஆகும்ங்கறது அவ்வளவு பெரிய கேள்வி. நம்ம நாலாயிரம் ரூபாய் புத்தகத்துக்கும் அதே கேள்விதான், அளவுதான் சின்னது.

அதனால எங்க குரூப்ல நாங்க வச்சிருக்கற வழி இது. நிலைச்சு நிக்கற பொருள் எதையும் கூட்டாச் சேந்து வாங்கறதில்ல. ஆளுக்கு ஒரு புத்தகம். நான் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், ஒரு அக்கா மான்ஸ்டர் மேனுவல், இன்னொரு நண்பர் அட்வென்சர் புக். முதல் பக்கத்துல அவங்கவங்க பேர் எழுதியாச்சு. டேபிளுக்கு வந்தா எல்லாருக்கும் பொது, வீட்டுக்குப் போனா அவரோடது. போறவர் தன் புத்தகத்தைக் கையில எடுத்துட்டுப் போவார். குரூப்புக்கு நஷ்டம்தான், ஆனா சண்டை கிடையாது. வாங்கற நேரத்துல செலவு எல்லாருக்கும் ஏறக்குறைய சமமா வர்ற மாதிரி பாத்துக்கறோம்.

அட்வென்சர் புக்ல மட்டும் ஒரு விசித்திரம் உண்டு. காசு போட்டு வாங்கினவரே அதைப் படிக்கக் கூடாது! படிச்சா கதை தெரிஞ்சிடும். வாங்கினவுடனே நேரா டிஎம் கைக்குப் போயிடும், கதை முடிஞ்சப்புறம்தான் திரும்பி வரும். எங்க நண்பர் ஆறு மாசமா தன் புத்தகத்தைத் தொடாம இருக்கார். அந்தப் பொறுமைக்காகவே அவர் மேல எனக்குத் தனி மரியாதை.

டைஸ், கேரக்டர் ஷீட், தன் பாத்திரத்தோட மினியேச்சர், இதெல்லாம் அவரவர் சொந்தச் செலவு. ஏழு டைஸ் ஒரு செட்டு, நாலு முகத்துலேர்ந்து இருபது முகம் வரைக்கும். ஒவ்வொருத்தருக்கும் பிடிச்ச நிறம் இருக்கும், ராசின்னு ஒண்ணு இருக்கும், இதுல பங்கு கேக்கறதே சரியில்ல. வாங்க முடியாதவங்க போன்லயே உருட்டலாம், எங்க டேபிள்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்.

கரைஞ்சு போற செலவைத்தான் பங்கு போடணும். பிரிண்ட் அவுட், மார்க்கர், பேப்பர், சாப்பாடு, இடத்துக்கு வாடகை. இதுல எந்தப் பங்கும் மிஞ்சாது, அதனால போறப்போ கணக்கும் இருக்காது.

சாப்பாடு, இடம்னு சொன்னேன்ல, அங்க கொஞ்சம் நிக்கணும். எல்லாரும் புத்தக விலையைப் பாத்து பயப்படறாங்க. ஒரு வருஷக் கணக்கை எழுதிப் பாத்தா பெரிய செலவு பிரியாணிதான்! புத்தகம் ஒரு தடவை வாங்கினா வருஷக்கணக்குல உழைக்கும். பிரியாணி வாரா வாரம். போர்டு கேம் கஃபேக்குப் போனா தலைக்கு மணிக்கணக்குல கட்டணம், அதுக்கு மேல காபி, ஃபிரைஸ். யாராவது வீட்டுல உக்காந்தா இலவசம்னு நினைச்சிடாதீங்க. அந்த வீட்டுல ஏசி ஓடுது, தண்ணி கேன் தீருது, அவங்க அம்மா மூணு தடவை டீ போடறாங்க. அதனால வீடு தர்றவங்க சாப்பாட்டுக்குக் காசு தரக் கூடாதுன்னு வச்சிருக்கோம். டிஎம், வீடு தர்றவர், இந்த ரெண்டு பேரும் விலக்கு. அந்த அம்மாவுக்கு தீபாவளிக்கு எல்லாரும் சேந்து ஒரு புடவை எடுத்துக் குடுத்தோம், அது கணக்குல வராது.

மேட் பத்தி ஒரு விஷயம், இதை நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன். இதோ பாருங்க. வெளிநாட்டுலேர்ந்து இறக்குமதி மேட் வாங்காதீங்க. ஒரு இன்ச் கட்டம் போட்ட டிசைனை பென்டிரைவ்ல எடுத்துட்டு உங்க ஊர் ஃபிளெக்ஸ் கடைக்குப் போங்க. ரெண்டு அடிக்கு மூணு அடி போதும். 24க்கு 36 கட்டம் கிடைக்கும், ஒரு கட்டம் விளையாட்டுல 5 அடி. ஃபிளெக்ஸ் கடையில சதுர அடிக் கணக்குலதான் காசு, ஒரு பிரியாணி விலைக்குள்ள முடிஞ்சிடும். மார்க்கரால எழுதறதுக்கு முன்னாடி ஓரத்துல ஒரு கோடு போட்டு அழியுதான்னு பாத்துக்கோங்க. இன்னும் சிக்கனமா வேணும்னா சார்ட் பேப்பர்ல கட்டம் போட்டு ஜெராக்ஸ் கடையில லேமினேட் பண்ணிடலாம். மான்ஸ்டருக்கு மினியேச்சர் எதுக்கு? எங்க டேபிள்ல காப்ளின்ங்கற குட்டிப் பூதம் எல்லாம் புளியங்கொட்டை. பெரிய ட்ராகன் வந்தா மட்டும் தம்பி ஒருத்தன் அட்டையில வெட்டிக் கொண்டு வருவான், அதுக்காகவே எல்லாரும் காத்திருப்போம்.

அடுத்தது ஆன்லைன். இங்க ஆளுக்கு ஒரு புத்தகம்ங்கற வழி செல்லாது, ஏன்னா எல்லாமே ஒரே அக்கவுண்ட்ல போய் உக்காந்துடும். டி அண்ட் டி பியாண்ட்ங்கற அதிகாரப்பூர்வ தளத்துல மாஸ்டர் சந்தா மாசம் 5.99 டாலர். ஒருத்தர் அதைக் கட்டினா, தான் வாங்கின டிஜிட்டல் புத்தகங்களை அந்த விளையாட்டுல இருக்கற எல்லாருக்கும் திறந்து விடலாம். ரொம்ப நல்ல வசதி. ஆனா சந்தா நின்னா பகிர்வும் நிக்கும், புத்தகம் அவர் அக்கவுண்ட்லயே தங்கிடும். அதனால சந்தாவை எல்லாரும் பிரிச்சுக் கட்டுங்க, அது வாடகை. உள்ள இருக்கற புத்தகத்தை அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவரே வாங்கட்டும். ஃபவுண்ட்ரின்னு ஆன்லைன்ல டேபிள் மாதிரி விளையாட்டு நடத்தற ஒரு மென்பொருள், ஒரே தடவை 50 டாலர், நடத்தறவர் மட்டும் வாங்கினாப் போதும், மத்தவங்க பிரவுசர்ல வந்துடலாம். ஒரு எச்சரிக்கை, நம்ம ஊர் பிராட்பேண்ட் பலதுல பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலேர்ந்து உங்க கம்ப்யூட்டரை நேரா எட்டற முகவரி, கிடைக்காது, வீட்டுலேர்ந்து நேரடியா நடத்தறது சிரமம். வாங்கறதுக்கு முன்னாடி உங்க இணைப்பு எப்படின்னு விசாரிச்சிடுங்க. எதுவும் வேணாம்னா ரோல்20ங்கற அதே மாதிரி தளத்துல இலவச அக்கவுண்டே போதும்.

டெலிகிராம்ல பிடிஎஃப் கிடைக்குதே, எதுக்கு இவ்வளவு பேச்சுன்னு கேக்கறீங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஒரு அச்சுப் புத்தகத்தை நடுவுல வச்சு அஞ்சு பேர் படிக்கறது நியாயமான பகிர்வு. திருட்டுப் பிடிஎஃப் அப்படி இல்ல. பெரிய கம்பெனிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லலாம், ஆனா இந்தத் துறையில ஒத்த ஆளா எழுதி, படம் வரைய ஆள் வச்சு, தானே வெளியிடறவங்கதான் ஏராளம். அதுல பல பேர் தங்களோட விளையாட்டை இலவசமாவே தர்றாங்க. சட்டப்படி இவ்வளவு இலவசமா இருக்கறப்போ திருட வேண்டிய தேவையே இல்ல.

காசு வசூலிக்கறது யாரு? டிஎம் மட்டும் வேண்டாம். டேபிள்ல உங்க பாத்திரம் சாகுமா பொழைக்குமான்னு சொல்றவர், செஷன் முடிஞ்சு "நீ இன்னும் நூத்தி இருபது தரணும்"னு கேக்கக் கூடாது. ரெண்டும் ஒரே ஆள் கையில இருந்தா ரெண்டுமே கெட்டுடும். எங்க குரூப்ல ஒரு அக்கா கணக்கு பாக்கறாங்க. செஷன் முடிஞ்ச அன்னைக்கே ஆளாளுக்கு யுபிஐல அனுப்பிடுவோம், மிச்சம் வச்சு நிதி சேக்கறதில்ல. கையிருப்பு சேந்தா அதுக்கும் ஒரு சொந்தக்காரர் வேணும், மறுபடி அதே தலைவலி.

கடைசியா ஒண்ணு. எங்க குரூப்ல ஒரு காலேஜ் தம்பி இருக்கான், கையில காசு கிடையாது. ட்ராகன் வெட்டிக் கொண்டு வர்றான்னு சொன்னேன்ல, அவன்தான். அவன் மேப் வரைவான், நடந்த கதையை ஒவ்வொரு வாரமும் எழுதி குரூப்ல போடுவான். அவன்கிட்ட நாங்க பணம் வாங்கறதில்ல. இதை முதல் நாளே, அவன் கேக்கறதுக்கு முன்னாடியே கணக்குப் பாக்கற அக்கா தனியாக் கூப்பிட்டுச் சொல்லிட்டாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லல. உங்க குரூப்ல அப்படி ஒரு ஆள் இருந்தா, அடுத்த செஷனுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுப் பேசிடுங்க.